கடலூர் – சிதம்பரம் பஸ்சில் ஒரு டீப் ஹவுஸ் மிக்ஸிங்

இந்த வலைப்பூவுக்கு வழக்கமாக வருகிறவர்கள் பதினேழு பேர். அதில் இரண்டு பேர் நானே, ஆபீஸிலிருந்து ஒரு தடவை, வீட்டிலிருந்து ஒரு தடவை. மாதாமாதம் டீப் ஹவுஸ், மெலடிக் டெக்னோ என்கிற எலக்ட்ரானிக் இசை வகைகளில் புதிதாக என்ன வந்திருக்கிறது, எது தேறும், எது தேறாது என்று எழுதுவேன். பயணக் கட்டுரை எழுதுகிற ஆள் நான் இல்லை. பஸ் ஏறினால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் 2010 ஜனவரிக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்தேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்று நேரம், தூரம், செலவு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

போனதற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. கடலூரிலிருந்து ஸ்டெல்லா என்கிற ஒரு பெண் தான் செய்த டிராக் ஒன்றை நான்கு மாதம் முன்பு அனுப்பியிருந்தார். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீப் ஹவுஸில் நிமிடத்துக்கு நூற்றிருபது அடி விழும். அடியில் பேஸ் என்கிற கனத்த கீழ் சத்தம் நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். மேலே இரண்டு மூன்று சுரம் வந்து வந்து போகும். அவ்வளவுதான். ஸ்டெல்லா அனுப்பியதில் அந்தச் சுரங்கள் அபாரம். பேஸ் மட்டும் வண்டி வண்டியாகக் கொட்டிய சேறு. என் வீட்டு ஜன்னல் ஆடியது. நான் பெயர் போடாமல், “கடலூரிலிருந்து ஒருவர், விரல் இருக்கிறது, காது இல்லை” என்று எழுதி வைத்தேன். அப்போது அது எனக்கு ரொம்ப சாமர்த்தியமாகத் தெரிந்தது.

எழுதிவிட்டு மனசு கேட்கவில்லை. ஜெர்மனியில் வீட்டிலிருந்தே ஒரு சின்ன இசை வெளியீட்டு லேபிள் நடத்துகிற ஆளுக்கு அதை அனுப்பினேன். “மெலடி பிடித்திருக்கிறது, பேஸைச் சரிசெய்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் மதியம் இரண்டு மணிக்குள் கொடுத்தால் தொகுப்பில் சேர்க்கிறேன்” என்று பதில் வந்தது. நம்ம ஊர் நேரப்படி மாலை ஆறரை. ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன். அவர், பேஸே காதில் விழவில்லை, இன்னும் ஏற்ற வேண்டும் என்றார். நான், தயவுசெய்து இறக்குங்கள் என்றேன். நாலு மெயில் போய் வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி, நேரில் வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை காலை 6.15க்குக் கோயம்பேட்டில் கடலூர் பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி தொட்டுப் போகும், சுமார் 185 கிலோமீட்டர், டிக்கெட் 75 ரூபாய். மரக்காணம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. ஒரு டிராக்கின் பேஸைப் பார்க்கப் போகிறவன், நல்ல ஹெட்போனை மேஜை மேல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். லேப்டாப் இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் இருக்கிறது. ஹெட்போன் இல்லை. இந்த லட்சணத்தில் அடுத்தவருக்குக் காது இல்லை என்று எழுதினேன்!

10.55க்குக் கடலூர். பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ், ஒரு நாளைக்கு 250 ரூபாய், மின்விசிறி சுற்றும், வெந்நீர் கேட்கக் கூடாது. பக்கத்துக் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு இயர்போன் வாங்கினேன். அதில் பேஸ் என்ற பேச்சே இல்லை, கொசு பாடுவது மாதிரி இருந்தது. டவுன் பஸ்சில் மூன்று ரூபாய் டிக்கெட், ஆறு கிலோமீட்டர், ஸ்டெல்லா வீடு இருக்கிற முதுநகர்.

ஸ்டெல்லாவுக்கு முப்பத்துமூன்று வயது இருக்கும். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பார். அண்ணன் சேவியர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். வாசலில் சுருள் சுருளாக ஒயர், மடக்கிய டியூப்லைட் தட்டிகள். என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, நான் இரண்டு வாய் குடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்துவிட்டு ஸ்டெல்லா கேட்டார்.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். எனக்குக் காது போயிடுச்சா?”

“யார் சொன்னது?”

“நீங்கதான எழுதனீங்க.”

காபி புரை ஏறியது. பெயர் போடாவிட்டால் ஆளுக்குத் தெரியாதா என்ன? அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. சாம்பிள் எடுக்கிற இடம் கம்ப்ரஸர் ரூமுக்கு ஒட்டினாற்போல. எட்டு வருஷமாக அந்த இரைச்சலை இடது பக்கமாக வைத்துக்கொண்டுதான் நிற்கிறாராம். காதில் மாட்ட ஒன்று கொடுத்திருக்கிறார்கள், மாட்டினால் ஆள் கூப்பிடுவது தெரிவதில்லை என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாராம். “நீங்க பேஸ் இடிக்குதுங்கறீங்க, ஜெர்மன்காரரும் அதையே சொல்றாரு. எனக்கு மட்டும் கேக்கல. அப்ப காதுதான? ரிலீசு கெடக்கட்டும்ணே, எனக்கு இது தெரிஞ்சா போதும்.”

எதில் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். பின்பக்கம் கூட்டிப்போனார். கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒயர், ஒரு ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து இன்னொரு ஒயர் ஜன்னலைத் தாண்டி வெளியே முருங்கை மரத்துக்குப் போகிறது. மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஆமாம், கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டுவோமே, அதே தகரக் குழாய்கள்தான். மூன்று வருஷமாக அந்தப் பெண் டீப் ஹவுஸ் செய்து கேட்டது அதில்தான். அண்ணனிடம் நல்ல பேஸ் பாக்ஸ்கள் இருக்கின்றன, ஆனால் அவை வீட்டில் இருந்தால் தொழில் நடக்கவில்லை என்று அர்த்தம். எப்போதும் வீட்டில் கிடப்பது குழாய் மட்டும்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. குழாயில் குரல் ஊர் தாண்டிப் போகும், பேஸ் அரை அடி நகராது. இல்லாத பேஸைத் தேடித் தேடி அவர் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார், அது சென்னையில் என் ஜன்னலை ஆட்டியிருக்கிறது. விளக்கமாகச் சொன்னேன். சேவியரும் தலையில் அடித்துக்கொண்டு, “ஆமா சார், நான் ஒரு மடையன், எனக்குத் தோணலியே” என்றார். ஸ்டெல்லா மட்டும் நம்பவில்லை.

“ஆறுதலுக்குச் சொல்றீங்க. எங்க கேக்க வைங்க பாப்போம்.”

பாக்ஸ் இரண்டும் அன்றைக்குத் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தன. ஆட்டோ பேசி, போகவர 120 ரூபாய், மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போகிறவர்கள் செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள், ஒரே தெருவில் அத்தனை கல்யாணம். மண்டபத்தில் பெண்ணின் தாய்மாமா பாக்ஸுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் போதும் என்று கெஞ்சினேன். “மாமா, எங்க சாருதான், ஒரு பாட்டு மட்டும்” என்று சேவியரும் சொல்லிப்பார்த்தார். அவர் என் லேப்டாப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கல்யாண வூட்டுல மெசினு சத்தமெல்லாம் வேணாம் தம்பி, சாப்டுட்டுப் போங்க” என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தோம். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

திரும்பும்போது சேவியர்தான் யோசனை சொன்னார். கடலூர் – சிதம்பரம் ஓடுகிற ஒரு தனியார் பஸ்சுக்கு ஸ்பீக்கர் செட்டு போட்டது அவர். கடைசி சீட்டுக்கு அடியில் பேஸுக்கென்றே இரண்டு பன்னிரண்டு இஞ்ச் ஊஃபர். “அந்த பஸ்ஸ விடப் பெரிய பேஸு இந்த ஜில்லாவுல கெடையாது சார். கண்டக்டர் பாலு நம்ம மச்சான்தான். நான் ஒரு போன் போட்டுர்றேன்.”

ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஸ்டெல்லா கீபோர்டை மூடிவைத்துவிட்டு வர, 8.50 பஸ்சைப் பிடித்தோம். சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 15 ரூபாய். பாலு தேவனாம்பட்டினத்துக்காரர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, பேச்சுக்குப் பேச்சு “தங்கச்சி” என்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். ஆனால் தொழிலில் கறார். ஆலப்பாக்கத்திலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும்தான் தரமுடியும், அங்கே ஏறி இறங்குகிறவர்கள் குறைவு, அதற்கு முன்னும் பின்னும் சினிமாப் பாட்டு போடாவிட்டால் ஜனம் அடுத்த பஸ்சுக்குப் போய்விடும் என்றார். செம்மங்குப்பம் வந்ததும் கெமிக்கல் நாற்றத்துக்கு யாரும் சொல்லாமலே எல்லாரும் ஜன்னலை இறக்கினார்கள். ஸ்டெல்லா மட்டும் இறக்கவில்லை. எட்டு வருஷப் பழக்கம் போலிருக்கிறது.

ஆலப்பாக்கத்தில் பென்டிரைவைக் கொடுத்தேன். முதலில் அந்த மாதம் வந்த புது வெளியீடுகளில் எனக்குப் பிடித்த ஒன்று, ஒரு போர்ச்சுக்கல்காரர் செய்தது. நன்றாக மிக்ஸ் ஆன, சத்தமெல்லாம் அளவாகச் சேர்ந்த ஒன்றை முதலில் போட்டால்தான் அந்த பஸ் எப்படிப் பேசும் என்று தெரியும், பிறகு நம்முடையதை ஒப்பிடலாம். ஒரு நிமிடம் அடி மட்டும் விழுந்தது. முன் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், “ஏம்பா, சிடி மாட்டிக்கிச்சு, தட்டி வுடு” என்றார். மீன் கூடைக்கார அம்மா ஒருவர், “பாட்டு எப்பப்பா வரும்? நான் எறங்குறதுக்குள்ள வருமா?” என்றார். வராது அம்மா, இதுதான் பாட்டு என்று பாலு சொன்னதும், “நல்லாருக்கு போ” என்று வெற்றிலையைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்தது ஸ்டெல்லாவின் டிராக். பேஸ் நுழைந்தது.

முதலில் மேலே சாமான் வைக்கிற கம்பி கிடுகிடுவென்றது. பிறகு ஜன்னல்கள், பிறகு என் முட்டி. மீன் கூடை மூடி நகர்ந்து நகர்ந்து படிக்கட்டுக்கே போய்விட்டது. டிரைவர், “டேய் பாலு, அடில என்னமோ போச்சுடா!” என்று கத்திக்கொண்டே இடது பக்கம் ஒதுக்கி, பிரேக் போட்டு, இன்ஜினையே அணைத்தார். ஆக்ஸில் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார் பாவம். இன்ஜின் நின்ற பிறகும் பஸ் அதிர்ந்துகொண்டே இருந்தது. உப்பங்காற்றில் நட்டநடு ரோட்டில் ஒரு பஸ் நின்றுகொண்டு தும் தும் என்று ஆடுகிறது. அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

டிரைவர் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அவர் சொன்னதையும் எழுத முடியாது. நான் மன்னிப்புக் கேட்க எழுந்தவன், ஸ்டெல்லாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“கேக்குதுண்ணே! எனக்குக் கேக்குது. ஐயோ, எம்மாம் பேஸு! இதுவா நான் போட்டது? கண்றாவியா இருக்கு!”

தன் டிராக் கண்றாவியாக இருக்கிறது என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. நான் எழுதிய ஒற்றை வரிக்காக அவர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாரோ. அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

10.05க்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லி கொத்சு, இரண்டு பேருக்கும் 36 ரூபாய். கத்தரிக்காய் கொத்சுவை இந்த ஊரில் சாப்பிட்டுவிட்டு வேறு ஊரில் சாப்பிடாதீர்கள், வருத்தம்தான் மிஞ்சும். அங்கேயே லேப்டாப்பைச் செருகி, பேஸைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். அதே பஸ் 10.40க்குத் திரும்பியது. மறுபடி புதுச்சத்திரம், மறுபடி பென்டிரைவ். இந்தத் தடவை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். பேஸ் இப்போது நடந்தது, இடிக்கவில்லை. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம், இன்னொரு இடத்தில் கம்மி என்று விரலால் காட்டினார். அவர் காட்டியதெல்லாம் சரி. கீழ் சத்தத்தில் அவருக்கு இருக்கிற நிதானம் எனக்கு இல்லை.

சண்டை வந்தது ஹேட்டில். தாளத்துக்கு நடுவே ட்ஸ் ட்ஸ் என்று மெல்லிசாக ஒரு சத்தம் வருமே, அது. ஸ்டெல்லா அதை ஏற்றிக்கொண்டே போனார். போதும் என்றால், “இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வெக்கலாம்ணே” என்பார். கடலூர் வந்து, அதே பஸ் 12.20க்கு மறுபடி கிளம்பி மூன்றாவது தடவை ஏறியபோது, எனக்குப் பொறுமை போய்விட்டது. பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், “காதுல ஊசி ஏத்துறாப்ல இருக்கு சார்” என்று சொல்லியே விட்டார். “பாருங்க, ஜனமே சொல்லுது” என்றேன்.

“இல்லண்ணே, அது சரியாவே கேக்கலியே.”

அந்த 150 ரூபாய் இயர்போனை ஆளுக்கு ஒரு பக்கமாக மாட்டியிருந்தோம். காலையிலிருந்து அவர் எப்போதும் வலது காதிலேயே வைத்துக்கொள்கிறார், ஒயர் எட்டாவிட்டாலும் கழுத்தை வளைத்து வைத்துக்கொள்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. எதையும் சொல்லாமல் இடது காதில் வைக்கச் சொன்னேன். வைத்தார். ஹேட்டை மட்டும் ஓட்டினேன்.

“போடுங்கண்ணே.”

ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வலதுக்கு மாற்றினார், ஓடுவது தெரிந்தது. இடதுக்கு மாற்றினார். மறுபடி வலது. காலையில் கேட்குது கேட்குது என்று அழுத பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் காதில் ஒன்றுமில்லை என்று நேற்று தப்பாகச் சொன்னவன் இப்போது ஒரு பொய்யும் சொல்லக் கூடாது. வருஷக் கணக்காக இரைச்சல் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு முதலில் இந்த ட்ஸ் ட்ஸ் மாதிரியான மேல் சத்தம்தான் போகும், கீழ் சத்தம் அல்ல என்று படித்திருக்கிறேன், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஸ்டெல்லா இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் போனது, வெள்ளாற்றுப் பாலம் போனது. பாட்டு மாற்ற வந்த பாலு ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

சிதம்பரம் ஊருக்குள் நுழையும்போது லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். “ஹேட்ட நீங்க வைங்கண்ணே. பேஸு என்னுது.”

மேலவீதி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். எழுபத்தைந்து எம்பி கோப்பு. 2.10க்கு ஏற்ற ஆரம்பித்தோம், அறுபது சதவீதத்தில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. 4.20க்கு முடிந்தது. ஆறரைக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கோயிலுக்குள் போய்வரலாமா என்று கேட்டேன், நீங்க போங்க, நான் இங்கயே குந்தியிருக்கேன் என்றார். நானும் போகவில்லை. சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்காமல் வந்தவன் என்று திட்ட நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம்.

செவ்வாய்க்கிழமை ஜெர்மன்காரர் பதில் போட்டார். ஏப்ரலில் தொகுப்பு வந்தது, ஸ்டெல்லாவின் டிராக் ஆறாவது. வேண்டியவரைப் புகழ்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், போய்க் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இனி போகிறவர்களுக்கு. தனியார் பஸ்சில் கடைசி மூன்று வரிசையில் உட்காராதீர்கள், ஊஃபர் உங்கள் முதுகெலும்பை எண்ணிவிடும். முன்னாலிருந்து நாலாவது வரிசை, இடது பக்கம், எல்லாச் சத்தமும் அளவாக வரும். ஒரே பஸ்சில் திரும்பத் திரும்ப ஏறினால் கண்டக்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எனக்கு இரண்டு நாளில் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. டிராக் செய்து அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று. எதில் கேட்டுச் செய்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் கேட்டு எழுதுவேன், அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன்.

பிப்ரவரியில் ஒருநாள் ஸ்டெல்லா போன் செய்தார். கடலூரில் காது டாக்டரிடம் போய் டெஸ்ட் எடுத்தாராம். இடது காதில் மேல் சத்தம் போனது போனதுதான், திரும்ப வராது. இரைச்சலில் மாட்ட வேண்டியதை மாட்டினால் இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இப்போது கழற்றுவதே இல்லை, கூப்பிடுகிறவர்கள் வந்து தோளைத் தட்டட்டும் என்று சொல்லிவிட்டேன் என்றார். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க, கம்பெனி பேரு மட்டும் வேணாம் என்றார். போனில் அந்தப் பக்கம் ஏதோ ஒரு புது டிராக் ஓடிக்கொண்டிருந்தது. அவரே என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்.

“மேல கொஞ்சம் போச்சுண்ணே. கீழ அப்பிடியே இருக்கு. டீப் ஹவுசுக்குக் கீழ போதும்ல?”